எதை உடனே முடிவு செய்வது, எதை ஆறப்போடுவது: புதிதாகத் தொழில் தொடங்கியவர்களுக்கு

புதிதாகத் தொழில் தொடங்கியவர்கள் பலர் லோகோவின் நிறத்துக்கும் விசிட்டிங் கார்டின் எழுத்துக்கும் வாரக்கணக்கில் யோசிக்கிறார்கள். பார்ட்னராக யாரைச் சேர்ப்பது, இடத்தை ஐந்து வருடக் குத்தகைக்கு எடுப்பதா, முதல் ஊழியர் யார் என்பதெல்லாம் ஒரு மாலை நேரப் பேச்சிலேயே முடிந்துவிடுகிறது. முழுக்கத் தலைகீழான பழக்கம் இது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். லோகோவைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லலாம், பேசப் பேச வளரும். பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம் பயமுறுத்தும். பயமுறுத்தும் எதையும் சீக்கிரம் முடித்துத் தலையிலிருந்து இறக்கத்தான் மனம் பார்க்கும்.

‘நான் பட்டென்று முடிவெடுக்கிற ஆள்’, ‘நான் எதையும் நிதானமாகத்தான் செய்வேன்’ என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டு சுபாவத்துக்கும் பலம் உண்டு. ஆனால் தொழில் நடத்தும்போது வேகத்தை உங்கள் சுபாவத்திடம் விடக்கூடாது. கையில் இருக்கும் விஷயம்தான் அதைச் சொல்ல வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில், மனம் எப்படி வேலை செய்கிறது

மனம் இரண்டு விதமாக முடிவுக்கு வருகிறது. ஒன்று தானாக, நொடியில், சிரமமே தெரியாமல் நடப்பது. மற்றது கணக்குப் போட்டு, ஒப்பிட்டு, சிரமப்பட்டு நடப்பது. இந்தப் பிரிவைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்ததில் உளவியலாளர் டேனியல் கானமனுக்குப் பெரிய பங்கு உண்டு. அமோஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வுகளுக்காக 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996-இலேயே காலமாகிவிட்டார்.

அந்த ஆய்வுகளில் தொழில் செய்பவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. வேகமான மனம் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வது அபூர்வம். கடினமான கேள்வி வந்தால், அதைச் சத்தமில்லாமல் ஓரம் தள்ளிவிட்டு வேறொரு சுலபமான கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். ‘இவர் இந்த வேலையை ஒழுங்காகச் செய்வாரா?’ என்பது கடினமான கேள்வி. மனம் பதில் சொல்வதோ ‘இவரிடம் பேச நன்றாக இருந்ததா?’ என்பதற்கு. ‘இந்தப் பொருள் விற்குமா?’ என்று கேட்டால், ‘எனக்குப் பிடித்திருக்கிறதா?’ என்பதற்குப் பதில் வரும். பதில் தெளிவாக, நம்பிக்கையோடு வருவதால் கேள்வி மாறிப்போனதே நமக்குத் தெரிவதில்லை.

அதற்காக வேகமான மனத்தை எதிரியாகப் பார்க்க வேண்டாம். கேரி க்ளைன் என்ற உளவியலாளர் 1980-களில் தீயணைப்புப் படைத் தலைவர்களை ஆராய்ந்தார். எரியும் கட்டடத்தின் முன் அவர்கள் இரண்டு வழிகளையாவது வைத்து ஒப்பிடுவார்கள் என்றுதான் முதலில் எதிர்பார்க்கப்பட்டது. அவர்கள் அப்படிச் செய்யவே இல்லை. நிலைமையைப் பார்த்ததும் முன்பு கண்ட ஒன்றோடு அது பொருந்தியது. முதலில் தோன்றிய வழியை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள், சரியாக வந்தால் அதையே செய்தார்கள். அனுபவசாலியின் உள்ளுணர்வு இப்படித்தான் வேலை செய்கிறது.

உள்ளுணர்வை நம்பாதே என்ற கானமனும் நம்பு என்ற க்ளைனும் பல வருடம் விவாதித்து, 2009-இல் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்று அதில் ஒத்துப்போனார்கள். அந்தத் துறையில் விஷயங்கள் ஓரளவு ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். நீங்கள் எடுத்த முடிவு சரியா தவறா என்பது உங்களுக்குப் போதிய அளவு தெரியவந்து, அதிலிருந்து கற்றிருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் கீழே மறுபடி வரும்.

படி 1: திரும்பி வர முடியுமா என்று கேளுங்கள்

எந்த முடிவாக இருந்தாலும் முதல் கேள்வி இதுதான். இது தப்பாகப் போனால் பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நாள், எவ்வளவு பணம், யாருடைய நம்பிக்கை செலவாகும்? அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் முடிவுகளை ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு என்று பிரித்தார். நுழைந்தால் திரும்ப முடியாதது ஒன்று, பிடிக்காவிட்டால் வெளியே வந்துவிடக் கூடியது மற்றது. நிறுவனங்கள் பெரிதாகப் பெரிதாக, இருவழிக் கதவுகளுக்கும் ஒருவழிக் கதவுக்கான கனமான நடைமுறையையே பயன்படுத்தி மந்தமாகிவிடுகின்றன என்பது அவருடைய கவலை. புதிதாகத் தொடங்கியவர்களுக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்க ஆபத்துதான் அதிகம். ஒருவழிக் கதவை இருவழிக் கதவு என்று நினைத்து நுழைந்துவிடுகிறார்கள்.

விளம்பர வாசகம், வலைத்தளத்தின் முகப்பு, எந்த நேரம் திறப்பது, ஒரு புதுப் பொருளைச் சிறிய அளவில் விற்றுப் பார்ப்பது, சாஃப்ட்வேருக்கு மாதச் சந்தா கட்டுவது ஆகியவற்றை இன்றே முடிவு செய்யுங்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம். நீண்ட குத்தகை, சொந்த ஜாமீனில் கடன், பங்கு கொடுப்பது, ஒரே வாடிக்கையாளரை நம்பி இயந்திரம் வாங்குவது ஆகியவை ஒருவழிக் கதவுகள்.

இவற்றுக்கு நடுவே, பார்த்தால் சாதாரணமாகவும் நுழைந்த பின் பூட்டிக்கொள்வதாகவும் ஒரு வகை இருக்கிறது. புதியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். முதல் வாடிக்கையாளருக்கு ஆர்வத்தில் பாதி விலைக்குச் செய்து கொடுப்பது ஓர் உதாரணம். அந்த விலைதான் அவர் மனத்தில் உங்கள் விலையாகப் பதியும். அவர் அனுப்பி வைக்கும் ஆட்களும் அதே விலையைத்தான் கேட்பார்கள். ‘தொழில் நல்லா வந்தா உனக்கும் ஒரு பங்கு தரேன்’ என்று நண்பரிடம் வாய் வார்த்தையாகச் சொல்வது இன்னொன்று. நீங்கள் மறந்துவிடுவீர்கள், அவர் மறக்க மாட்டார். சொந்தக்காரரைத் தற்காலிகமாகக் கணக்குப் பார்க்க உட்கார வைப்பதும் இதே வகை. எழுப்புவது உட்கார வைத்ததைவிடப் பல மடங்கு கடினம். காகிதத்தில் கையெழுத்து இல்லாததால் இவை சுலபமாகத் திரும்பக் கூடியவை என்று தோன்றும். விலை, பங்கு, உறவு இந்த மூன்றில் ஒன்று சம்பந்தப்பட்டிருந்தால் வாக்குக் கொடுக்கும் முன் ஒரு நாளாவது ஆறப்போடுங்கள்.

படி 2: உங்கள் உள்ளுணர்வுக்கு இதில் பயிற்சி உண்டா?

கானமனும் க்ளைனும் சொன்ன இரண்டு நிபந்தனைகளை இங்கே பொருத்திப் பாருங்கள். பதினைந்து வருடம் தையல் வேலை செய்த ஒருவர் துணியைத் தொட்டதும் ‘இதற்கு மூன்று நாள் ஆகும்’ என்றால் நம்பலாம். ஆயிரம் முறை சொல்லியிருப்பார், ஆயிரம் முறையும் மூன்று நாளில் விடை கிடைத்திருக்கும். அதே ஆள் சொந்தக் கடை திறந்து, ‘இந்தத் தெருவில் கூட்டம் வரும்னு தோணுது’ என்றால் அந்தத் தோணுதலுக்குப் பின்னால் எதுவும் இல்லை. குரலில் இரண்டுக்கும் ஒரே உறுதிதான் இருக்கும். ஆபத்து அந்த உறுதியில்தான்.

ஒரு தாளில் உங்கள் தொழிலின் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இதைப் போன்றதை எத்தனை முறை செய்திருக்கிறேன், விளைவு எத்தனை நாளில் தெரியும்’ என்று குறியுங்கள். செய்து பழகியதாகவும் விளைவு சீக்கிரம் தெரிவதாகவும் இருந்தால் உள்ளுணர்வுப்படி போகலாம். ஆளெடுப்பதில் விளைவு தெரிய மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் எடுக்காமல் விட்டவர் எப்படி வேலை செய்திருப்பார் என்பது கடைசிவரை தெரியவே தெரியாது. அதனால்தான் பல வருடம் ஆளெடுத்தவர்களின் ‘ஆளைப் பார்த்தாலே தெரியும்’ என்ற நம்பிக்கையைக்கூட நான் ஏற்பதில்லை. நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். ஒரு சின்ன வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள், அதற்குக் கூலியும் கொடுங்கள்.

படி 3: நிதானத்துக்கும் தேதி வையுங்கள்

யோசிப்பதும் ஒத்திப்போடுவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை உண்டு. ‘எந்தத் தகவல் கிடைத்தால் என் முடிவு மாறும்?’ என்று எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அந்தத் தகவலை மட்டும் தேடுங்கள், தேடி முடிக்க ஒரு தேதி போடுங்கள். எழுத எதுவுமே இல்லையென்றால் நீங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டீர்கள், அறிவிக்கத்தான் தயங்குகிறீர்கள்.

எவ்வளவு தகவல் போதும் என்பதற்கு, அடுத்த வருடக் கடிதத்தில் பெசோஸ் சொன்ன அளவு 70 சதவீதம். 90 வரை காத்திருந்தால் பெரும்பாலும் தாமதமாகிவிடும் என்கிறார். 70-ஐ யாராலும் அளக்க முடியாது. ஆனாலும் ‘எல்லாம் தெரிந்த பிறகு’ என்ற நாள் வரப்போவதில்லை என்பதை நினைவில் வைக்க அந்த எண் உதவும். 1978-இல் பொருளாதார நோபல் பெற்ற ஹெர்பர்ட் சைமன், மனிதர்களால் மிகச் சிறந்ததைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, போதுமான அளவு நல்லதில் நிறுத்திக்கொள்கிறார்கள் என்று 1950-களிலேயே சொல்லிவிட்டார். இதை அப்படியே நடைமுறை ஆக்கலாம். சப்ளையரைத் தேடக் கிளம்பும் முன்பே ‘விலை இதற்குள், பத்து நாளில் டெலிவரி, சிறிய ஆர்டரும் எடுக்க வேண்டும்’ என்று எழுதிவிடுங்கள். மூன்றும் பொருந்தும் முதல் ஆளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தகவல் நிறையச் சேர்ப்பதாலேயே முடிவு சரியாகிவிடாது. கோகோ கோலா 1985 ஏப்ரலில் தன் பானத்தின் பழைய சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிச் சோதித்திருந்தார்கள். புதுச் சுவைதான் ஜெயித்தது. ஆனால் பழையதை எடுத்துவிட்டால் எப்படி உணர்வீர்கள் என்பதன் கனத்தை அந்தச் சோதனை அளக்கவில்லை. மக்கள் கொதித்தார்கள். ஜூலையிலேயே பழையது திரும்ப வந்தது. பழைய கலவையை மறுபடி தயாரிக்க முடிந்ததால்தான் மூன்று மாதத்துக்குள் திரும்ப முடிந்தது. இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: எத்தனை பேரிடம் கேட்டோம் என்பதைவிட எதைக் கேட்டோம் என்பதைப் பாருங்கள், புதியதில் இறங்கும்போது பழையதை உடைத்துப் போடாதீர்கள்.

படி 4: பெரிய முடிவைத் துண்டு போடுங்கள்

எனக்குத் தெரிந்தவரை இதுதான் மிகவும் பயனுள்ள பழக்கம். அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

மாதம் 500 எண்ணிக்கை செய்யக் கூடிய சிறு தயாரிப்புத் தொழில் என்று வையுங்கள். 300 வழக்கமான வாடிக்கையாளர்களுக்குப் போகிறது. ஒன்றின் விலை 100, மூலப்பொருள் செலவு 60. வழக்கமான விற்பனையில் மாதம் மிஞ்சும் 12,000 வாடகைக்கும் சம்பளத்துக்கும் சரியாகப் போய்விடுகிறது. கையில் சேமிப்பு 40,000. ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து போன்: ‘இரண்டு மாதத்தில் 900 வேண்டும். பேமெண்ட் 90 நாள் கழித்து. நாளைக்குள் சொல்லுங்கள்.’

வேகமான மனம் 900-ஐ 40-ஆல் பெருக்கி, 36,000 லாபம் என்று துள்ளும். பயந்த மனம் ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று ஒதுங்கும். இரண்டுமே முழு ஆர்டரையும் ஒரே முடிவாகப் பார்க்கின்றன. அதற்குள் குறைந்தது நான்கு முடிவுகள் இருக்கின்றன.

பதில் சொல்வது முதலாவது. அதை உடனே செய்யலாம். ‘நன்றி, செய்ய ஆர்வம் இருக்கிறது, நாளை மதியத்துக்குள் எண்ணிக்கையோடு சொல்கிறேன்’ என்பதில் எந்தப் பொறுப்பும் இல்லை, கதவும் திறந்தே இருக்கிறது. 

அடுத்தது எத்தனை என்பது. மாதம் 200 செய்யும் இடம்தான் காலியாக இருக்கிறது, இரண்டு மாதத்தில் 400. அதற்கு மேல் செய்ய வேண்டுமென்றால் வழக்கமான வாடிக்கையாளர்களைக் காக்க வைக்க வேண்டும். அவர்கள் போய்விட்டால் வாடகை கட்டும் பணமும் போய்விடும். 

மூன்றாவது பணம். 900-க்கும் மூலப்பொருள் வாங்க 54,000 வேண்டும், கையில் 40,000 தான். 400 என்றால் 24,000 போதும், 16,000 மிஞ்சும். 

நான்காவது யாரை நம்பி என்பது. இந்த நிறுவனம் மற்ற சப்ளையர்களுக்குச் சொன்ன தேதியில் பணம் கொடுக்கிறதா? இதை இன்று மாலைக்குள் இரண்டு மூன்று பேரிடம் விசாரித்துவிடலாம். முடிவை மாற்றக் கூடிய தகவல் இது ஒன்றுதான்.

மறுநாள் மதியம் நீங்கள் சொல்லும் பதில் இப்படி இருக்கலாம்: ‘முதல் இரண்டு மாதத்தில் 400 தருகிறேன். பாதித் தொகை அட்வான்ஸ். அந்தப் பேமெண்ட் வந்ததும் மீதி 500-ஐத் தொடங்குகிறேன்.’ அட்வான்ஸ் 20,000 வந்தால் மூலப்பொருளுக்கு உங்கள் கையிலிருந்து போவது 4,000 தான். மறுத்தாலும் நஷ்டமில்லை. அட்வான்ஸில் அவர்கள் பேரம் பேசினால் எதுவரை இறங்கலாம் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஒரே தடவையில் தொழிலையே பணயம் வைக்கும் முடிவு, பாதியில் நிறுத்தக் கூடிய முடிவாகிவிட்டது.

குத்தகை, இயந்திரம், ஆளெடுப்பு எல்லாவற்றையும் இப்படித் துண்டு போடலாம். ஐந்து வருடக் குத்தகையில், ஒரு வருடம் முடிந்ததும் நோட்டீஸ் கொடுத்து வெளியேறும் உரிமையைக் கேளுங்கள். இயந்திரத்தை முதலில் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். பார்ட்னரோடு ஒரு தனி வேலையை மட்டும் சேர்ந்து செய்து பாருங்கள்.

படி 5: துண்டு போட முடியாதபோது

சில முடிவுகள் எப்படிப் பார்த்தாலும் ஒருவழிதான். அப்போது க்ளைன் பரிந்துரைத்த ஒரு முறை கைகொடுக்கும். கையெழுத்துப் போடும் முன், ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்த முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பத்து நிமிடம் எழுதுங்கள். ‘இதில் என்ன தப்பு நடக்கலாம்?’ என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்காக மென்று விழுங்குவார்கள். தோற்றுவிட்டது என்று வைத்துக் கேட்டால் உண்மை வெளியே வரும்.

பழையதை விட மனம் வராமல் தேங்கி நிற்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. 1985-இல் இன்டெல்லின் மெமரி சிப் வியாபாரம் ஜப்பானிய நிறுவனங்களிடம் தோற்றுக்கொண்டிருந்தது. நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று இன்டெல்லின் பிரசிடெண்ட் ஆண்டி குரோவ் கேட்டார். மெமரியிலிருந்து வெளியேறிவிடுவார் என்றார் அப்போதைய தலைமை நிர்வாகி கார்டன் மூர். அதை நாமே ஏன் செய்யக்கூடாது என்று முடிவானது. நஷ்டத்தில் ஓடும் கிளையையோ விற்காத பொருளையோ வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் இதே கேள்வியைத் தங்களிடம் கேட்கலாம்.

கோபத்திலும் அளவுகடந்த சந்தோஷத்திலும் ஒருவழிக் கதவைத் தொடாதீர்கள். ‘இன்னைக்கே சொன்னாத்தான் இந்த விலை’ என்று எதிராளி நெருக்கினால், ஒருவழி முடிவுகளுக்கு ‘இன்றே வேண்டுமென்றால் என் பதில் இல்லை, நாளை வரை பொறுத்தால் பார்க்கிறேன்’ என்று முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைப் பழகி வையுங்கள். உண்மையான வாய்ப்புகளில் பெரும்பாலானவை ஒரு இரவு தாங்கும்.

படி 6: எதிரில் இருப்பவரின் வேகம்

பார்ட்னர்களில் ஒருவர் வேகமாகவும் ஒருவர் நிதானமாகவும் இருப்பது நல்லது, சண்டை வராமல் பார்த்துக்கொண்டால். வேகமானவருக்கு மற்றவர் முட்டுக்கட்டையாகத் தெரிவார். நிதானமானவருக்கு அவர் எடுத்தேன் கவிழ்த்தேன் ஆளாகத் தெரிவார். சண்டை பெரும்பாலும் விஷயத்தைப் பற்றியதாக இருக்காது, இது எந்த வகைக் கதவு என்பதில்தான் கருத்து வேறுபாடு இருக்கும். அதனால் அதை முதலில் பேசுங்கள். இருவழி என்று இருவரும் ஒத்துக்கொண்டால் வேகமானவர் முடிவு செய்யட்டும். ஒருவழி என்று ஒருவர் நினைத்தாலும் நிதானமானவருக்குத் தேதியோடு அவகாசம் கொடுங்கள்.

நிர்வாகவியல் ஆய்வாளர் கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு மைக்ரோகம்ப்யூட்டர் துறையைச் சேர்ந்த எட்டு நிறுவனங்களைப் பார்த்தது. வேகமாக முடிவெடுத்த குழுக்கள் குறைந்த தகவலோடு எடுத்திருக்கும் என்று தோன்றும். நேர்மாறாக, அவை அன்றாட எண்களைக் கூர்ந்து கவனித்தன, ஒரே சமயத்தில் அதிக மாற்றுவழிகளைப் பரிசீலித்தன. ஒத்த கருத்து வராவிட்டால் யார் முடிவு செய்வது என்பதிலும் அவற்றுக்குத் தெளிவு இருந்தது. உங்களுக்கு இதன் பொருள் எளிது: இந்த வாரம் எவ்வளவு விற்றது, கையில் எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு என்ற மூன்று எண்களைத் தினமும் பார்ப்பவரால் அவசரத்திலும் பதறாமல் முடிவெடுக்க முடியும்.

வாடிக்கையாளரிலும் இதே இரண்டு வகை உண்டு. வேகமானவருக்கு நீண்ட விளக்கம் கொடுத்தால் போய்விடுவார். விலை, தேதி, அடுத்து என்ன என்பது போதும். நிதானமானவரை நெருக்காதீர்கள். ஒப்பிட வசதியாக எழுத்தில் கொடுத்து, எப்போது திரும்பப் பேசலாம் என்று மட்டும் கேளுங்கள்.

படி 7: முடிவு நோட்டு

ஒருவழி முடிவு ஒவ்வொன்றையும், விளைவு தெரியும் முன்பே எழுதி வையுங்கள். தெரிந்த பிறகு எழுதினால் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனம் கதையை மாற்றிவிடும். ஒரு பதிவு இவ்வளவு போதும்:

‘400 எண்ணிக்கைக்கு ஒப்புக்கொண்டேன். காரணம்: இடம் காலியாக இருக்கிறது, அட்வான்ஸ் வந்துவிட்டது. எதிர்பார்ப்பது: மீதிப் பணம் 90 நாளில் வரும். எவ்வளவு நம்பிக்கை: பத்துக்கு ஏழு. பயம்: தரச் சோதனையில் திருப்பி அனுப்புவார்கள். திரும்பப் பார்க்கும் தேதி: நான்கு மாதம் கழித்து. மனநிலை: களைப்பு.’

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பக்கங்களைப் படியுங்கள். நல்ல யோசனையோடு எடுத்த முடிவும் சில சமயம் தோற்கும், குருட்டுத் துணிச்சலும் சில சமயம் ஜெயிக்கும். அதனால் விளைவோடு நிற்காமல் எழுதிய காரணங்களையும் பாருங்கள். பயந்தது நடந்ததா? பத்துக்கு ஒன்பது என்று போட்டவை உண்மையில் எத்தனை சரியாக வந்தன? களைப்பு, கோபம் என்று குறித்த நாட்களின் முடிவுகள் எப்படி? சின்ன முடிவுகளையும் ஒரு வரியில் குறித்து வந்தால், எந்த வகையில் உங்கள் முதல் ஊகம் தொடர்ந்து பலிக்கிறது என்பது தெரியவரும். அந்த வகைக்கு ஒரு வரம்பு எழுதி ஊழியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்: இவ்வளவு தொகைக்குள் பணத்தைத் திருப்பிக் கொடுக்க, இத்தனை சதவீதம் வரை தள்ளுபடி தர, கையிருப்பு இதற்குக் கீழே போனால் வாங்க, என்னைக் கேட்க வேண்டியதில்லை.